ஆச்சியைக் காதால பாரு, பேராண்டி!

வா பேராண்டி, உக்காரு. அந்த செல்போனைக் கொஞ்சம் கவுத்து வை. ஹீரோ படம் மொத நாள்ல எவ்ளோ வசூல்னு பைசா சுத்தமா ஒப்பிக்கிற. அதே படத்துல அவனுக்கு அம்மாவா வந்தவங்க பேரு இன்னான்னு கேட்டா, மேல ஃபேனைப் பாக்குற. நல்லாத்தான் படிக்க வெச்சாங்க உன்னை!

மனோரமான்னா "காமெடிப் பாட்டியா?"ன்னு கேக்குறியே. அடேய், நம்ம கிறிஸ்தவக் காலேஜு பட்டணத்தை வுட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடி வந்துச்சே 1937ல, அதே வருசம் மன்னார்குடியில பொறந்துது அந்தம்மா. வளந்தது செட்டிநாட்டுப் பள்ளத்தூர்ல, அதான் ஆச்சி. நாடக மேடையில ஆரம்பிச்சு, 1958ல கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை'யில சினிமாவுக்கு வந்து, ஆயிரம் படத்தைத் தாண்டி கின்னஸ்லயும் ஏறிச்சு. நீ ஒரு கம்பெனியில ஒரு வருசம் முழுசா ஒட்ட மாட்டேங்குற.

ரசிக்கிறதுக்கு ஒரு வித்தை சொல்றேன், துட்டு வேணாம். கண்ணை மூடிக்க. எங்க காலத்துல ரேடியோவுல ஒலிச்சித்திரம் வெப்பாங்க. முழுப் படத்தையும் சுருக்கி, வசனமும் பாட்டும் மட்டும் வரும். மூஞ்சியை நம்பிப் பொழச்சவங்க அதுல பதராட்டம் பறந்து பூடுவாங்க. ஆச்சி நெல்லு மாதிரி முறத்துலயே நிக்கும்.

'தில்லானா மோகனாம்பாள்' கேளு, 1968ல வந்தது. நாயனத்தைப் பத்தி ஜில்ஜில் ரமாமணியா வர்ற ஆச்சி வெள்ளந்தியா ஒரு சந்தேகம் கேக்கும் பாரு, அந்தக் குரல்ல ஒரு குழைவு, கூடவே ஒரு இழுப்பு. கொட்டகையில கடைசி வரிசைக்கும் எட்டணும்னு பழகின நாடகக்காரி பேச்சு அது. அடுத்து 'சம்சாரம் அது மின்சாரம்', 1986. வேலைக்காரி கண்ணம்மா சம்பந்திகிட்ட மல்லுக்கு நிக்கிறப்போ வர்றது அசல் மெட்ராஸ் பேச்சு. வார்த்தையை நறுக்கி நறுக்கி வீசும். 1992ல 'சின்ன கவுண்டர்'. துருத்தின பல்லை மாட்டிக்கிட்டுக் கொங்குத் தமிழ் பேசும். பல்லு முட்டினாலும் ஒரு சொல்லு நசுங்காது.

மூணும் ஒரே தொண்டை, பேராண்டி! நீ ஆபீஸ்ல இங்கிலீசு, வூட்டுல தமிழு, ரெண்டுலயும் திக்குற.

1975ல மெட்ராசுக்கு டிவி வந்துச்சு. ஞாயித்துக்கெழமை படத்துக்குத் தெருவே ஒரு வூட்டுல கூடும். ஹீரோ சண்டை போட்டா பசங்க விசிலடிப்பானுங்க. ஆச்சி குரல் கேட்டாத்தான் அடுப்பைத் தணிச்சுட்டுப் பொம்பளைங்க கூடத்துக்கு ஓடியாருவாங்க.

அண்ணா, கலைஞர் கூட மேடையில, எம்ஜிஆர், ஜெயலலிதா, என்டிஆர் கூட சினிமாவுல. ஆக, முதலமைச்சர் ஆனவங்க அஞ்சு பேரோட நடிச்சுது. நாற்காலி அவங்களுக்கு, நம்ம வூட்டுத் திண்ணை ஆச்சிக்கு! 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002ல பத்மஸ்ரீ. 2015 அக்டோபர்ல கண்ணை மூடிச்சு.

நாளைக்கு மின்சார ரயில்ல போறப்போ போனைப் பையில போட்டுட்டு, அந்த மூணு படத்துல ஒண்ணைக் காதுல மட்டும் ஓட வுடு. கிண்டி வர்றதுக்குள்ள சிரிக்கலைன்னா நேரா என்கிட்ட வா. கோளாறு ஆச்சிகிட்ட இல்ல, உன் காதுல.