சரித்திரக் காதல் நாவல் வாசகரின் விருப்பு வெறுப்புகள்: சுபாங் ஜெயா வட்டாரத்தை முன்வைத்து

சரித்திரக் காதல் நாவல் என்பது, முடிவு பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகிவிட்ட ஒரு போருக்கு நடுவே, முடிவு தெரியாத ஒரு கல்யாணத்தை வைத்து வாசகரின் தூக்கத்தைக் கெடுக்கும் உரைநடை நூல் ஆகும். தமிழில் இவ்வகைக்கு மூத்தது, திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி' என்பர். அதற்கு முன்பே ஆங்கிலத்தில் வால்டர் ஸ்காட் 1814இல் 'வேவர்லி'யைத் தந்திருந்தார். பிரெஞ்சில் அலெக்சாந்தர் தூமா 1844இல் 'மூன்று மஸ்கடியர்க'ளைப் பத்திரிகைத் தொடராக எழுதியிருந்தார். தனியே குதிரையில் வரும் வாலிபனும் அரண்மனைச் சதியும் அவ்வழியாக வந்த சரக்குகள். 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவனைச் சுமந்துகொண்டு வீராணம் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்த பின் அந்தக் குதிரைக்குத் தன் பூர்வீகம் நினைவில்லை. வாசகருக்கும் இல்லை.

ஆய்வுக் களம் மலேசியாவின் சுபாங் ஜெயா. கேஎல் சென்ட்ரலில் ஏறிக் கிள்ளானுக்குப் போகும் கொமியூட்டர் ரயில் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஆகவே பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய புத்தகமும் கிள்ளானில் இரவல் வாங்கிய புத்தகமும் இவ்வட்டாரத்தில்தான் பக்கம் புரளுகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. சீபீல்ட் தோட்டமாக இருந்த நிலத்தில் 1976 முதல் எழுந்த புறநகர் இது. இவ்வளவு இளைய ஊரில் பழைமை வேண்டுவோர் அதை வெளியிலிருந்து தருவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பக்கத்துப் பண்டார் சன்வேயில் 1997இல் திறக்கப்பட்ட பிரமிட் வடிவப் பேரங்காடி இதற்குச் சான்று. எகிப்தியப் பாணியில் கால் நீட்டிப் படுத்திருக்கும் அதன் வாயிற்சிலைக்கு மனித முகத்துக்குப் பதில் சிங்க முகம். அதைக் கடந்து குளிர்சாதன அரங்கில் சோழர் படம் பார்க்கப் போகிறவர், காலக்குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியை வாசலிலேயே பெற்றுவிடுகிறார்.

வாசகரில் மூத்த இனம் தொடர்க்காலத்தார். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழிலும், சாண்டில்யனின் 'கடல் புறா' 1960களில் 'குமுத'த்திலும் தொடராக வந்தன. சென்னையில் அச்சான இதழ்கள் கப்பலேறிப் பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்து, பிறகு தோட்டங்களுக்குள் போகும். இதனால் இவ்வினத்தார்க்கு ஒரு தனிக்குறை இருந்தது. கதாநாயகன் சிறைப்பட்டதைக் கண்டித்து எழுதிய கடிதம் சென்னை சேரும்போது, அவன் தப்பி, வேறு சிறையில் அகப்பட்டு, அங்கிருந்தும் தப்பியிருப்பான். ஆசிரியரை அச்சுறுத்திக் கதையை மாற்றுதல் என்னும் உரிமை சென்னை வாசகருக்கு மட்டுமே வாய்த்தது. கடல் கடந்த வாசகர் விதியை ஏற்கப் பழகினார். தொடர்ப் பக்கங்களைக் கிழித்துப் பைண்டு செய்து வைத்தவர்களும் இவர்களே. அத்தொகுப்புகளில் இரண்டாம் பாகம் எப்போதும் உறவினர் ஒருவர் வீட்டில் இருக்கும்.

இளைய இனமான செவிவழியார், ஒலிநூலாகக் கேட்பவர். எல்டிபி நெடுஞ்சாலையில் பூச்சோங் டோல் சாவடிக்கு முன் கார் நகராமல் நிற்கும்போது வந்தியத்தேவன் கடம்பூரிலிருந்து தஞ்சைக்குப் பறக்கிறான். குதிரை வேகத்தை இவர்கள் அளவுக்கு மதிப்பவர் வேறு யாருமில்லை. திரைவழியார் பற்றிப் பின்னர் வரும்.

இன்பங்களில் முதலிடம் ஒட்டுக்கேட்டலுக்கு உரியது. காதலுக்கு அல்ல என்பது வியப்பளிக்கலாம். ஆயினும் காதலர் பேச்சையே ஒருவர் மறைந்திருந்து கேட்டால்தான் அது கதைக்குப் பயன்படுகிறது. கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் நள்ளிரவில் அரியணையை இடம் மாற்றுவது பற்றிப் பேசுகிறார்கள், வந்தியத்தேவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், மதிலுக்கு மேலே ஒற்றன் ஆழ்வார்க்கடியானின் தலையும் தெரிகிறது. சோழப் பேரரசில் இரகசியத்தை இரண்டு பேருக்குக் குறையாமல் கேட்பது மரபு. இத்தனை இரகசியமான செய்தியை இவ்வளவு தெளிவான உச்சரிப்பில், முழு வாக்கியங்களில் ஏன் பேசினார்கள் என்று எந்த வாசகரும் வினவியதில்லை. ஒரே சுவரை இரு குடும்பங்கள் பங்கிடும் வரிசை வீடுகளில் குடியிருப்பவருக்கு இது இயல்பாகவே படும்.

அடுத்தது மாறுவேடம். கல்கியின் 'பார்த்திபன் கன'வில் பல்லவச் சக்கரவர்த்தி சிவனடியாராக வருகிறார்; நாடு கடத்தப்பட்ட சோழ இளவரசன் இரத்தின வியாபாரி தேவசேனனாகத் திரும்புகிறான். தாடி ஒட்டிய கணத்தில் சொந்தக் குடிமக்களுக்கே அரசன் முகம் மறந்துபோகிறது. வாசகரோ உடனே கண்டுபிடித்துவிடுகிறார். கண்டுபிடித்தது தன் கூர்மதியால் என்று அவர் நம்புவதே இவ்வுத்தியின் வெற்றி. கதாசிரியர் வாசகருக்கு இதைவிட மலிவான விலையில் பெருமிதம் விற்க முடியாது. உருவ ஒற்றுமையும் இதே கணக்கில் சேரும். 'சிவகாமியின் சபத'த்தில் நாகநந்தியும் புலிகேசியும் ஒரே அச்சு. தலைமுறைக்கு ஓர் இரட்டையரோ மாறிப்போன குழந்தையோ இல்லாத அரச குலத்தை வாசகர் சந்தேகிக்கிறார்.

காதலைப் பொறுத்தவரை வாசகர் உலகம் கல்கி கட்சி, சாண்டில்யன் கட்சி எனப் பிளந்து கிடக்கிறது. கல்கியின் காதலர்கள் நிலவைப் பற்றிப் பேசுவார்கள், ஓடம் விடுவார்கள், இடையில் ஓர் அரசாங்க வேலை வந்து பிரிந்துபோவார்கள். சாண்டில்யனின் நந்தவனங்களில் நிலவு பேசுபொருள் அன்று, விளக்கு. நாயகி கூந்தலில் தொடங்கும் வர்ணனை பாதம் சேர்வதற்குள் எதிரிப் படை ஒரு காதம் நெருங்கிவிடும். 'வர்ணனை மிகை' என்பதே சாண்டில்யன்மீது எல்லோரும் ஒருமுகமாகச் சுமத்தும் குற்றம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதைச் சற்று உரத்தே கூறுவர். குற்றச்சாட்டின் உண்மையைச் சோதிக்கப் பக்க ஓரக் கருமை முறை பயன்படும். பல கை மாறிய பிரதியை மூடிவைத்துப் பக்கவாட்டில் நோக்கினால், எந்தெந்தப் பகுதிகளை விரல்கள் மீண்டும் மீண்டும் திறந்தன என்பது அழுக்குக் கோடுகளாகத் தெரியும். கடற்போர்ப் பகுதிகள் பெரும்பாலும் வெளுப்பாகவே இருக்கின்றன.

பெண் வாசகரின் புகார் வேறு. சாண்டில்யனின் 'யவன ராணி'யில் இளஞ்செழியனுக்குப் பூவழகியும் ராணியும். 'கடல் புறா'வில் கருணாகர தொண்டைமானுக்குக் காஞ்சனா தேவியும் மஞ்சளழகியும். கோட்டையை ஓர் இரவில் பிடிக்கும் தளபதிக்கு இருவரில் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க ஏன் பாகம் பாகமாகப் போனாலும் போதவில்லை என்பது அவர்கள் கேள்வி. படைத்தலைவருக்கு இருமுனைப் போர் சகஜம் என ஆண் வாசகர் அளிக்கும் விளக்கம் வீட்டில் எடுபடுவதில்லை. மாறாக, கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குத் தானே படகு செலுத்தும் பூங்குழலியும், தம்பியின் அரசியலையும் சேர்த்து நடத்தும் குந்தவையும் இவர்களால் மன்னிப்பின்றி நேசிக்கப்படுகிறார்கள். சிவகாமி மட்டும் தீராத வழக்கு. வாதாபி எரிந்து சபதம் நிறைவேறிய பின் காதலர் மாமல்லருக்கு வேறு மனைவியும் குழந்தைகளும் இருப்பதை அவள் காணும் கட்டத்தை, எல்லாம் தெரிந்திருந்தும் மீண்டும் படித்து மீண்டும் கோபப்படுவோர் உண்டு. பல்லவ வரலாறு அப்படித்தான் என்பது சமாதானம் ஆகாது. சிவகாமியே கற்பனைப் பாத்திரம். அவளுக்காக வரலாற்றைக் கொஞ்சம் திருத்தியிருக்கலாமே என்பது எதிர்வாதம்.

இனிக் கடாரம். இவ்வட்டார வாசகரைத் தஞ்சாவூர் வாசகரிடமிருந்து பிரிப்பது இதுவே. சோழ மன்னன் ராஜேந்திரனின் கடற்படை 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மீது பாய்ந்தது. வென்ற ஊர்களை அவன் மெய்க்கீர்த்தி கடாரம் வரை வரிசையாகச் சொல்கிறது. சுமார் 1068இல் வீரராஜேந்திரன் தன்னை அண்டி வந்த அரசனுக்காகக் கடாரத்தை வென்று அவனிடமே கொடுத்தான் என்பதும் கல்வெட்டுச் செய்தி. முன்னதில் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' பிறந்து 1963ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பின்னதில் 'கடல் புறா' மிதந்தது. கடாரம் என்பது இன்றைய கெடா. சுபாங் ஜெயாவிலிருந்து வடக்கு நெடுஞ்சாலையில் காரில் சென்று, பூஜாங் பள்ளத்தாக்கின் இடிபாடுகளைப் பார்த்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். தங்கள் மாமியார் ஊர் சோழர் தொடர்கதையில் வருவதைக் காணும் வாசகர் அடையும் உவகைக்கு அளவில்லை. உவகை தீர்ந்ததும் புகார் தொடங்குகிறது: வெற்றி விழாவில் மழை பெய்யவில்லை, கொசு இல்லை, மலாய் பேசுவோர் யாரையும் காணோம், இளவரசி தமிழில் சிலேடை பேசுகிறாள். இதில் ஒரு தர்மசங்கடமும் ஒளிந்திருக்கிறது. படித்துக்கொண்டே போகும்போது வாசகர் சோழக் கப்பலில்தான் ஏறியிருக்கிறார். புத்தகத்தை மூடினால் அவர் வீடு இருப்பது, கப்பல் தாக்க வந்த கரையில்.

ஆயினும் காலக்குழப்பங்களில் கணிசமான பங்கு ஆசிரியருடையதன்று, வாசகருடையது. கடாரத்துக் காடு என்று படித்ததும் தோட்டத்தில் பிறந்தவர் மனத்தில் வரிசை பிடித்து நிற்பவை ரப்பர் மரங்கள். தென்னமெரிக்காவின் அந்த மரம் மலாயாவில் கால் வைத்தது 1877இல். செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்து கோலசிலாங்கூர்ப் பக்கம் வணிகத் தோட்டமானது 1917இல். எனவே ராஜேந்திரனின் யானைகள் பால் வெட்டிய மரங்களுக்கிடையே நடந்து போவதற்குச் சாண்டில்யனோ அகிலனோ பொறுப்பேற்க முடியாது. சோழ வீரன் விருந்துண்ணும் இடத்தில் வாசகர் தாமே சேர்த்துக்கொள்ளும் மிளகாய்ச் சட்டினியும் அவ்வாறே; மிளகாய் போர்த்துக்கீசியரோடு வந்தது. இதே வாசகர் எழுத்தாளரிடம் பிழை கண்டால் விடுவதில்லை.

விடும் இடம் ஒன்று உண்டு. காய்ச்சலுற்ற அருள்மொழிவர்மன் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் பிக்ஷுக்களின் பராமரிப்பில் கிடக்கும் பகுதி 'பொன்னியின் செல்வ'னில் பலருக்கும் பிரியமானது. அந்த விகாரத்தை எடுப்பித்தவன் ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மன்னன்; செய்தி ஆனைமங்கலச் செப்பேட்டில் இருக்கிறது. ஆனால் அது அருள்மொழி ராஜராஜனாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்த காலத்துச் செய்தி. கட்டாத மருத்துவமனையில் நோயாளி குணமடைந்திருக்கிறார். கிள்ளான் பள்ளத்தாக்கு வாசகர் இதைக் கண்டுகொள்வதில்லை. நம்மூர் அரசன் கட்டியதல்லவா, கொஞ்சம் முன்னதாகவே கட்டியிருப்பான் என்று கடந்துவிடுகிறார்.

திரைவழியார் 2022 செப்டம்பர் 30 அன்று பெருகினர். மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் அன்று வெளியாயிற்று. இரண்டாவது 2023 ஏப்ரல் 28இல். அதுவரை மணியம் வரைந்த முகங்களோடு வாழ்ந்துவந்த தொடர்க்காலத்தார்க்குக் கார்த்தியும் திரிஷாவும் அத்துமீறிக் குடியேறியவர்கள். இளையோருக்கோ மணியத்தின் குந்தவை திரிஷா போல் இல்லை என்பது குறை. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இப்படம் பார்த்துவிட்டு வந்து, எந்த அத்தியாயம் விடுபட்டது என்று ஆளுக்கொரு பட்டியல் தந்தது. பொதுவாக விடுபட்டிருந்தது, அவரவர் முதல் வாசிப்பில் சோறு ஆறும்வரை நிறுத்தாமல் படித்த அத்தியாயம்.

கடைசிக் குறை முடிவு பற்றியது. ஐந்து பாகம் கூடவே நடந்த வாசகர்கள், பொன்னியின் செல்வன் சட்டென்று முடிந்துவிட்டதாக முறையிட்டார்கள். கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகக் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. அதுவும் போதாமல் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று கதையைத் தொடர்ந்தார். இவை எதுவும் தீர்க்காமல் விட்டது அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை. பழிவாங்கத் துடிக்கும் நந்தினியை அருகில் நிறுத்திவிட்டு, யார் குத்தியது என்பதை நாவல் மூட்டமாகவே விடுகிறது. சுபாங் ஜெயாவின் எஸ்எஸ் 15 மாமாக் கடைகளில் இரண்டாவது தே தாரே வரும் வரை இது விவாதிக்கப்படுகிறது. வரலாற்றில் இதற்கு விடை உண்டு. நாவல் தொடங்கும் அதே வீராணம் ஏரிக்குப் பக்கத்தில், காட்டுமன்னார்கோயிலின் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கொலைத் துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்தம் உறவினர் சொத்துகளைப் பறிமுதல் செய்ய ஆணையிடுகிறது. வாசகர்கள் இத்தீர்ப்பை ஏற்பதில்லை. கல்வெட்டில் நந்தினியின் பெயர் இல்லை என்பதே அவர்கள் கூறும் காரணம்.