மல்பெரி சார்

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு மல்பெரி சார் உண்டு. ஆலையில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். காயலான் கடையில் வாங்கிய நீல டிரம்மைப் பாதியாக அறுத்து மொட்டை மாடியில் வைத்து, அதில் ஒரு மல்பெரிக் குச்சியை ஊன்றியிருப்பார். “ஊட்டியிலதான் பெர்ரி வருமா? எண்ணூர்ல வராதா?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார்.

வரும், நன்றாகவே வரும். பட்டுப்புழுவுக்காக வெட்ட வெட்டத் தழைக்கிற செடிதானே! கவாத்து செய்து இலையை உருவிவிட்டால், புதுத் துளிரோடு காயும் சேர்ந்தே வரும். ஆனால் மொத்தமாகப் பழுக்காது. இன்றைக்கு ஒரு கைப்பிடி, நாளைக்கு அரைக் கைப்பிடி. ஜாம் கிண்டப் போதாது. சேரட்டும் என்று வெளியே வைத்தால் மறுநாளே நீர்விட்டுப் புளித்துவிடும். ஆகவே ஃப்ரீசர்.

அதில் அவர் காட்டும் நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் புழுதி போக மெல்ல அலசி, பழைய வேட்டியில் பரப்பி உலர்த்துவார். எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி ஃப்ரீசரில் வைப்பார். கல்லாக இறுகிய பிறகுதான் டப்பாவுக்கு மாற்றம். இல்லாவிட்டால் மொத்தமும் ஒரே கட்டியாகிச் சுத்தியல் தேட வேண்டியிருக்கும். டப்பா மேல் சீட்டு: தேதி, எடை, ‘ஏ ஷிப்ட்’. காலையில் பறித்ததாம். உள்ளே மைனஸ் 18 டிகிரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு தெர்மாமீட்டரும் உண்டு.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் பழைய சரக்குதான் முதலில் வெளியே போக வேண்டும் என்று ஆலை ஸ்டோரில் கற்றதை அவர் இன்னும் மறக்கவில்லை. அதனால் வீட்டில் இந்த வாரம் சாப்பிடுவது போன கோடைப் பழம். மரத்தில் கறுகறுவென்று தொங்குவதைப் பேரன் தொட்டால், “டேய், அது அடுத்த வருஷ ஸ்டாக்!” அந்த வீட்டில் புதுப் பழம் தின்கிற பாக்கியம் மைனாவுக்கு மட்டும்தான்.

சார் வீட்டு அம்மாவின் வழக்கு வேறு. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து சங்கரா வாங்கி வந்தால் வைக்க இடமில்லை.

“ஏங்க, இந்தக் கம்பளிப்பூச்சிங்கள எடுத்தாதான் மீன வைக்க முடியும்.”

“மீனு நாளைக்கும் கடல்ல இருக்கும். இது நம்ம மரத்துப் பழம்.”

கடைசியில் இரண்டும் ஒரே தட்டில் குடியேறின. ஒரு டப்பாவின் மூடி சரியாக அழுந்தவில்லை. அந்த மாதம் சம்பந்தி குடித்த மல்பெரி ஜூஸில் லேசான கவிச்சி. சம்பந்தி பெருந்தன்மையானவர், இரண்டாவது டம்ளரை மட்டும் வேண்டாம் என்றார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் போனது. கதவைத் திறக்காவிட்டால், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் வரை குளிரைப் பிடித்து வைக்கும். சாருக்கு இது தெரியும், தெருவுக்கே வகுப்பெடுத்தவர். ஆனால் தெர்மாமீட்டர் உள்ளே இருந்ததே! அரை மணிக்கொரு தரம் மெழுகுவத்தியோடு திறந்து பார்த்தார். இரண்டாம் நாள் சமையலறைத் தரை ஊதாவாகிவிட்டது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்து மீனவர் வலையெல்லாம் கறுத்துக் கிடந்த நேரம் அது. மல்பெரிக்காக யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை, வந்திருக்கவும் கூடாது.

சார் அசரவில்லை. மழை விட்டதும் கவாத்துக் கத்தியோடு மாடி ஏறிவிட்டார்.

உங்கள் தெரு சார் ஒரு டப்பா நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். உருக மட்டும் விடாதீர்கள். வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறைய வைப்பதால் பெரிய பனித்துகள்கள் உருவாகிப் பழத்தின் செல்களைக் கிழித்திருக்கும், உருகினால் கொழகொழவென்றாகிவிடும். கல்லாக இருக்கும்போதே தயிரோடு மிக்சியில் போட்டு அடியுங்கள். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதற்கும் அவரிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது.