கச்சேரிக்குப் போதல்: கெலிஓயாவை முன்வைத்து ஓர் ஒலியியல் ஆய்வு

இத்தலைப்பை இதுவரை எவரும் ஆராயவில்லை. ஏன் ஆராயவில்லை என்பதையும் எவரும் ஆராயவில்லை. இவ்விரு இடைவெளிகளையும் ஒருசேர நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை: பேராதனையிலிருந்து கம்பளை செல்லும் வீதியில் உள்ள கெலிஓயா. இங்கே புகையிரத நிலையம் உண்டு. நிலையம் உண்டாகையால் கச்சேரி முடிந்து வரப் புகையிரதமும் உண்டு என முடிவு கட்டுவது முறையியல் பிழை (காண்க: பஸ் தரிப்பிடப் பெஞ்சு, இடது ஓரம், பக்க எண் இல்லை).

ஆய்வுப்பொருள்: விஞ்ஞானப் பிரியரான தனிவழி இசைஞர். இவ்வினத்துக்கு மூலமாதிரி சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இல் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. பழைய யாழ்களின் சுரங்களைக் கணிதத்தால் மீட்க முயன்று ‘யாழ் நூல்’ எழுதியவர். துறவியாதலால் எந்த இசைத்தட்டுக் கம்பனிக்கும் கட்டுப்பட்டவரல்லர் என்பது வெளிப்படை. அவர் இசைஞரா ஆய்வாளரா என்பதற்குத் தனி மாநாடு கூட்ட வேண்டும், பகலுணவோடு. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் அமர்ந்தது 1943இல், கொழும்பில். பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது 1952இல். அவரோ 1947இலேயே மறைந்துவிட்டார். ஆகவே கெலிஓயாவாசி எவரும் அவரைப் பேராதனை வளாகத்தில் கேட்டிருக்க முடியாது. இது இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு.

கச்சேரிக்கு வருவோர் மூவகையர். முன்வரிசையார்: மாலைக்கு வந்தோர். கைத்தொலைபேசியார்: வீட்டுக்குப் போய்க் கேட்கப்போவதாக நம்புவோர். மூன்றாமவர் உறிஞ்சுநர்: ஒலியை உறிஞ்ச மட்டும் வந்தோர். இவர்களைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1895இல் திறந்த ஒரு விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் விளங்கவில்லை. எழுந்த ஒலி அடங்க ஐந்தரை வினாடி பிடித்தது. வாலஸ் சபின் என்ற பௌதிகவியலாளர் பக்கத்து அரங்கின் ஆசன மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஓர்கன் குழாயை ஒலித்து, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி அடங்குகிறது என அளந்தார். சராசரி மனிதர் ஒருவர் ஏறக்குறைய ஆறு மெத்தைக்குச் சமம் என்று கண்டார். அதாவது எத்தனை பட்டம் பெற்றவராயினும் ஒலியியலில் அவர் ஆறு மெத்தை.

இனி கெலிஓயாவுக்கு வருவோம். இங்கிருந்து போகிறவர் ஸ்வெட்டரோடு போகிறார். ஸ்வெட்டரை அரை மெத்தை எனக் கொள்வோர் ஒரு சாரார். முக்கால் என்பார் மறுசாரார் (பஸ் டிக்கட்டின் பின்புறம், பென்சில் எழுத்து, திருத்திய இரண்டாம் பதிப்பு, மழையில் பாதி அழிந்தது). நனைந்த குடையை மெத்தையாகக் கொள்ளலாகாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுவர். ஆனால் அதே டிக்கட்டின் முன்புறம், கட்டணத்துக்குக் கீழே, வேறொரு கையெழுத்தில் இடைச்செருகலாக, ‘குடைக்கு உறை இருப்பின் கால் மெத்தை’ என்றொரு பாடபேதம் காணப்படுகிறது. மனைவியின் வற்புறுத்தலுக்காக வந்தவரும் அதே ஆறுதான். தூங்குகிறவரும் விழித்திருப்பவரும் ஒரே அளவே உறிஞ்சுகிறார்கள் என்பதை நம் பேராசிரியர்கள் ஆய்வரங்குதோறும் நிரூபித்து வருவதால் அதற்குச் சான்று வேண்டியதில்லை.

இவ்வளவு உறுதியான கோட்பாட்டுக்கு ஒரே இடைஞ்சல் பேராதனைத் திறந்தவெளி அரங்கு. நாடகாசிரியர் சரச்சந்திரவின் பெயர் தாங்கிய அவ்விடத்தில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஒலி போனால் போனதுதான், உறிஞ்சுவதற்கு மிச்சமில்லை. ஆறு மெத்தையும் வேலையிழந்துவிடுகின்றன. கேட்பது ஒன்றுதான் செய்யக்கூடியது. இது உறிஞ்சுநரைக் கலக்கமுறச் செய்கிறது.

இனி சபையிலிருந்து மேடைக்கு. மிருதங்கத் தோலின் நடுவே உள்ள கரும்பூச்சாகிய கரணைதான் அத்தோலின் மேற்சுரங்களை ஒழுங்கான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று சி. வி. இராமன் விளக்கினார். அவர் பெயர் எல்லா மேற்கோளிலும் உண்டு. அந்தக் கரணையைத் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்து ஏற்றியவர்களின் பெயர் ஒன்றிலும் இல்லை. அவர்கள் கட்டுரை வாசிக்கவில்லை போலும்.

விபுலாநந்தர் வாசித்ததோடு நிறுத்தவில்லை. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட யாழ் நூல் 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியபோது, கணக்கில் பிறந்த கருவிகளைச் செய்வித்து, சபையார் காதுபடவே மீட்டச் செய்தார். அடுத்த மாதம் 19ஆம் திகதி காலமானார்.

எனவே, யாழ் நூலை மேற்கோள் காட்டும் அறிஞர் பெருமக்கள், பக்க எண்ணோடு, தாம் யாழைக் கேட்ட இடத்தையும் நாளையும் அடிக்குறிப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கேளாதவர்கள் மெத்தை எண்ணிக்கையை மட்டும் குறிப்பிட்டால் போதும்.