யார் வீட்டுப் பிள்ளை?

பாளையங்கோட்டையில் நான் ஹாஸ்டலில் இருந்த 1989 வாக்கில், ஒருவனுடைய மனக்கஷ்டம் அவனுக்குத் தெரியுமுன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். வீட்டிலிருந்து 15 பைசா கார்டில்தான் கடிதம் வரும். இன்லண்ட் வந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று தபால்காரருக்கே மனத்தாங்கல். கார்டை முதலில் வாட்ச்மேன் படிப்பார், அடுத்து மெஸ் மாஸ்டர், பிறகு பலகையில் செருகிவைத்ததும் வருவோர் போவோர் எல்லோரும். "ஏலே, உங்க அக்காவுக்குப் பாத்த எடம் தட்டிப்போச்சாம்லா?" என்று சாம்பார் வாளியோடு நிற்பவர் கேட்கும்போதுதான் உரியவனுக்கே விஷயம் தெரியும். ஆறுதல் அந்த இடத்திலேயே, பந்தி முழுவதும் பார்க்க வழங்கப்படும். கூடவே தீர்ப்பும் உண்டு: "உங்கப்பா கறாரா பேசியிருப்பாரு. அவரு சுபாவம் அப்படி."

இப்போது நான் ஒரு கல்லூரிக் குழுவில் இருக்கிறேன். மன அழுத்தத்தில் இருக்கும் பிள்ளைகள் பேர் சொல்லாமல், யாரும் தங்களை எடைபோடுவார்களோ என்ற பயமில்லாமல், மனம்விட்டுப் பேச ஓர் ஏற்பாட்டை உருவாக்குவது குழுவின் வேலை. எந்தக் காரணம் கொண்டும் யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது என்பது அதன் முதல் விதி. அதில் எனக்குக் கொடுத்திருக்கும் பதவி கௌரவ ஆலோசகர்.

முதல் கூட்டத்தில் கணினித் துறை மாணவன் ஒருவன் செயலியைத் திரையில் காட்டினான். பேர் கேட்காது. ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்தால் போதும். மைனா, செம்போத்து, மரங்கொத்தி என்று அழகாக வரைந்திருந்தார்கள். நான் செம்போத்தைத் தொட்டேன். "உங்கள் கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது" என்றது செம்போத்து.

"நம்பரை அப்படியே வெச்சுக்க மாட்டோம் சார். யாருக்கும் புரியாத மாதிரி மாத்தித்தான் வெப்போம்" என்றான் அவன். பக்கத்தில் இருந்த மாணவி விடவில்லை. பத்து இலக்க எண்தானே, இருக்கிற எண்களையெல்லாம் வரிசையாக அதே முறையில் மாற்றிப் பார்த்தால் எது எது என்று கணினி சீக்கிரமே கண்டுபிடித்துவிடும் என்றாள். ஓடிபி போயிற்று. அந்தப் பெண்ணை அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது.

அடுத்த தடை முதல்வரிடமிருந்து வந்தது. நல்ல மனிதர். மாதாமாதம் ஓர் அறிக்கை மட்டும் கேட்டார். "பேரே வேண்டாம் சார். டிபார்ட்மென்ட், எத்தனாவது வருஷம், ஆணா பெண்ணா, ஹாஸ்டலா டேஸ்காலரா. இது போதும்." மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டில் இருப்பதே நான்கு பெண்கள், ஹாஸ்டலில் இருப்பவள் ஒருத்தி. இதற்குப் பேரையே கேட்டிருக்கலாம். அதைச் சொன்னதும் அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவரிடம் நாம் முதலில் கேட்பது என்ன? எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு, அப்படியானால் இன்னாரைத் தெரியுமா. மூன்று கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும், நான்காவதில் சம்பந்தம் வந்துவிடும். இப்படி வளர்ந்த நாங்கள் பெயரிலித் தளம் கட்டக் கிளம்பியிருந்தோம்.

ஹாஸ்டல் நாட்களில் என் அறைத்தோழன் ஒருவனுக்கு இரண்டாம் வருடம் மூன்று அரியர். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தே கிடந்தான். நாங்கள் கூடிப் பேசி 'லவ்வு' என்று முடிவுகட்டி, செகண்ட் ஷோவுக்கு இழுத்துக்கொண்டு போனோம். தகவல் அறிந்து தாய்மாமன் வந்து, "சோத்துக்கு என்னடே கொறச்சல் ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு, தாயத்து ஒன்றும் கட்டிவிட்டுப் போனார். டாக்டரிடம் காட்டலாம் என்ற பேச்சே எழவில்லை. மனசுக்கு டாக்டர் என்றால் எங்களுக்குத் தெரிந்த ஒரே முகவரி கீழ்ப்பாக்கம். 1794-இல் தொடங்கிய மருத்துவமனை. ஏறக்குறைய இருநூறு வருட சேவைக்குப் பிறகும் எங்கள் ஹாஸ்டலில் அது ஒரு வசவுதான்.

அப்போது எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்திருந்தன. இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம். அந்நேரத்துக்கு வரிசை நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் ஃபேன் கிடையாது என்பதால் கதவைச் சாத்த முடியாது. பேசுகிற அத்தனையும் வரிசைக்குக் கேட்கும். என் தோழன் ஒரு நாள் உள்ளே போய் அம்மாவைக் கூப்பிட்டான். பேச்சு வரவில்லை. அழுதான். சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அழுகைக்குத் தனி ரேட் ஒன்றும் இல்லை. பூத் அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கணக்கு நோட்டில் ஏதோ எழுதினார். வெளியே வந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில் தொகையை வாங்கிச் சில்லறை கொடுத்தார். மறுநாள் காலை வார்டனைத் தேடிப் போய், "அந்தப் பையன ராத்திரி தனியா விடாதீங்க" என்று மட்டும் சொன்னாராம்.

இன்றைய விதிப்படி அண்ணாச்சியைத் தன்னார்வலர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். கேட்டதை வெளியே சொன்னார், அதுவும் நிர்வாகத்திடம். தோழன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான், மூன்று கம்பெனி மாறி, சர்க்கரை வந்து, நன்றாகவே இருக்கிறான்.

இதை வைத்துக்கொண்டு அந்தக் காலம் போல் வருமா என்று பாட மாட்டேன். ஊர் கூடிப் பார்த்துக்கொண்ட அதே காலத்தில்தான், ஓர் இளைஞன் இறந்துபோனால் காரணம் எப்போதும் 'தீராத வயிற்றுவலி' என்றே பேப்பரில் வரும். எத்தனை பேருக்கு என்ன வயிற்றுவலி என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் கேட்கிற ஊர் அதை மட்டும் கேட்காது. பிழைத்தவன் மேல் இந்தியத் தண்டனைச் சட்டம் 309 பாயும், ஓராண்டு வரை சிறை. சாகும் அளவுக்கு மனம் உடைந்தவனுக்கு அரசாங்கம் வைத்திருந்த ஆறுதல் அதுதான். கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே அவரைக் கருத வேண்டும் என்று 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்ல வேண்டிவந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை.

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-லேயே 'சினேகா'வைத் தொடங்கிவிட்டார். பேர் சொல்லாமல் பேசலாம், பேசுவதைக் கேட்க ஆள் உண்டு. நான் கல்லூரியில் சேரும்போது அதற்கு மூன்று வயது. எங்கள் அறிவிப்புப் பலகையில் அக்காமார் கல்யாணம் தட்டிப்போன செய்தியெல்லாம் வந்தது. இந்தச் செய்தி வரவில்லை.

பயிற்சி வகுப்புதான் எனக்குப் பிடித்த பகுதி. உளவியலாளர் ஒருவர் வந்தார். 'ஏன்' என்று தொடங்காதீர்கள், குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும் என்றார். 'இதெல்லாம் ஒரு விஷயமா' கூடாது. 'உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க' கூடவே கூடாது. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர், இவ்வளவையும் கழித்தால் பேச என்ன மிச்சம் என்று கேட்டார். ஒத்திகையில் ஒரு மாணவி தூக்கம் வராதவளாக நடித்தாள். பேராசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. "காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பாரும்மா, ராத்திரி தன்னால தூக்கம் வரும்!" என்று வெடித்துவிட்டார். அந்தப் பெண் நடிப்பை மறந்து, "எங்க தாத்தாவும் இதேதான் சார் சொல்வாரு" என்றாள்.

பிறகு வந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. சந்தேகம் வந்தால், 'உயிரை விட்டுடலாம்னு தோணுதா?' என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்டால்தான் சொல்ல வழி பிறக்கும் என்றார் உளவியலாளர். எந்த ஊர் என்று கூசாமல் கேட்கும் எங்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி நாக்கில் ஏறவில்லை. ஆளாளுக்குச் சொல்லிப் பழகினோம். அன்று மாலை அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஒருவர் ஆமாம் என்று சொன்னால் என்ன செய்வது? அங்கேதான் அண்ணாச்சி மறுபடி வந்து நின்றார். ஆளே தெரியாத செம்போத்துக்காக யாரிடம் போய், ராத்திரி தனியாக விடாதீர்கள் என்று சொல்வது? இரண்டு கூட்டம் இதிலேயே போனது. கடைசியில், உயிருக்கு ஆபத்து என்றால் எதை, யாரிடம், எப்போது சொல்வோம் என்பதை உள்ளே நுழையும்போதே எழுதிக் காட்டுவது, அழைக்க விரும்புகிறவர் தானே அழைக்க 14416 என்ற எண்ணை எப்போதும் திரையின் மேலே வைப்பது என்று முடிவாயிற்று. 2022 அக்டோபரில் வந்த அரசு எண் அது. கட்டணம் கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள். கால் கட்டணத்துக்குக் காத்து நின்ற கூட்டத்துக்கு இதன் அருமை தெரியும்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தன்னார்வலர்கள் தூங்கிவிடுவார்களே, அந்நேரத்துக்கு செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லட்டும் என்றான் நம் கணினி மாணவன். நான் ஜோசப் வைசன்பாம் கதையைச் சொன்னேன். எம்.ஐ.டி.யில் அவர் 1966-இல் வெளியிட்ட 'எலைசா' சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் நிரல், அவ்வளவுதான். அது உருவானதைக் கிட்ட இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு கொஞ்ச நேரம் தட்டச்சு செய்ததும், சார் நீங்கள் வெளியே போங்கள் என்றுவிட்டார். வைசன்பாம் பதறி, பிற்பாடு இந்தப் போக்குக்கு எதிராகவே எழுதினார். எனக்கென்னவோ அந்த அம்மாள் கேட்டதில் ஒன்றும் புதிராகப் படவில்லை. அறையில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் போக வேண்டியிருந்தது.

லண்டனில் 1953-இல் பாதிரியார் சாட் வாரா தொலைபேசி வைத்து 'சமாரிட்டன்ஸ்' தொடங்கியபோதும் இதேதான். அவரைப் பார்க்க வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் தேநீர் ஊற்றிக் கொடுக்கச் சில சாதாரண ஆட்கள் இருந்தார்கள். பலர் அவர்களிடமே பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பினார்கள். அடுத்த ஆண்டே அவர் வேலையை அவர்களிடம் விட்டுவிட்டார். நம்மூர் ஆலோசகர் யாரும் அப்படி எழுந்துபோனதாகக் கேள்விப்பட்டதில்லை.

உரையாடலை எப்படி முடிப்பது என்ற பேச்சு வந்தபோது மட்டும் நம் சரக்கு ஒன்று என்னிடம் இருந்தது. விருத்தாசலம் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் மனக்குறையைத் தாளில் மனுவாக எழுதிப் பிராது கட்டுவார்கள். ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்பக் கட்டணம். 90 நாளில் பலன் என்று நம்பிக்கை. காரியம் முடிந்ததும் 'ராஜினாமா' எழுதிக்கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். "சார், இது அப்படியே டிக்கெட் சிஸ்டம்!" என்றான் பையன். ஒரே வித்தியாசம், கொளஞ்சியப்பருக்குப் பேரும் விலாசமும் தெளிவாக எழுத வேண்டும்.

செயலி ஓடத் தொடங்கிவிட்டது. மைனாக்களும் மரங்கொத்திகளும் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் வருகிறார்கள். பேர் சொல்லாதவர்கள்கூடக் கொஞ்ச நேரத்தில் எதிரே இருப்பவரை 'அண்ணா', 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்களாம். கணக்குப் பேராசிரியர் இப்போது எங்கள் சிறந்த தன்னார்வலர்களில் ஒருவர். அவரை ஒரு செம்போத்து 'மச்சி' என்று கூப்பிடுகிறது. காலை ஐந்து மணி பற்றி வாயே திறப்பதில்லை.

முதலாம் ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தாயிற்று. மேடை, பூங்கொத்து, குத்துவிளக்கு எல்லாம் உண்டு. நிகழ்ச்சி நிரலைப் படித்த முதல்வர், "பயனடைந்த மாணவர் ஒருத்தர் ரெண்டு நிமிஷம் பேசினா நல்லாயிருக்குமே" என்றார். அறை அமைதியானது. அவரே யோசித்து, "பேர் சொல்ல வேண்டாம், டிபார்ட்மென்ட் மட்டும் சொல்லட்டும்" என்றார்.

ஓடிபியை ஒழித்த அந்த மாணவி எழுந்தாள். "அவங்க எல்லாரும் விழாவுக்கு வருவாங்க சார். கீழ உக்காந்து கை தட்டுவாங்க."