ஹாலுக்கேற்ற சரவிளக்கு வாங்குவது எப்படி?

சரவிளக்கு வாங்கப் போகிறவர் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். ஒன்று, ஹாலின் நீள அகலம். இன்னொன்று, மச்சினர் வீட்டுச் சரவிளக்கின் குறுக்களவு. கடைக்காரர் முதல் அளவைத்தான் கேட்பார். பில் தொகையைத் தீர்மானிக்கப் போவது இரண்டாவது.

இதற்கென்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. ஹாலின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் கூட்டுங்கள். வருகிற எண்தான் விளக்கின் குறுக்களவு, அங்குலத்தில். 18 அடிக்கு 12 அடி ஹால் என்றால் 30 அங்குல விளக்கு. அடியோடு அடியைக் கூட்டினால் அங்குலம் எப்படி வரும் என்று வீட்டில் படிக்கிற பிள்ளை கேட்கும், பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். மீட்டரில் அளந்தால் கணக்கு படுத்துவிடும். நல்லவேளையாக நம் ஊரில் வீட்டை இன்னும் சதுர அடியில்தான் விற்கிறார்கள்.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. கூரை எத்தனை அடியோ, அடிக்கு இரண்டரை முதல் மூன்று அங்குலம். விளக்கின் அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவே ஏழடியாவது விட வேண்டும். அடுக்குமாடி வீட்டில் தளத்துக்குத் தளம் பத்தடி என்று பில்டர் சொன்னதில், கான்கிரீட் கனம் போக ஒன்பதரை அடி மிஞ்சும். அழகுக்காக ஃபால்ஸ் சீலிங் போட்டிருப்பீர்கள்; அதில் அரையடி போச்சு. ஒன்பதில் ஏழு போனால் இரண்டு. அந்த 24 அங்குலத்துக்குள் சங்கிலி, பித்தளைக் கிண்ணம், கண்ணாடிச் சரம், குடும்ப கௌரவம் எல்லாம் அடங்கியாக வேண்டும்.

ஷோரூமில் இது எதுவும் நினைவுக்கு வராது. அங்கே கூரை எட்டாத உயரத்தில் இருக்கும். ஏகப்பட்ட விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும். அந்தக் கூட்டத்தில் எந்த விளக்கும் சின்னதாகத்தான் தெரியும். “இது பெட்ரூமுக்குப் போடறது சார். ஹாலுக்குக் கொஞ்சம் கெத்தா இருக்க வேணாமா?” என்பார் கடைப் பையன். அந்தக் கேள்விக்கு வேணாம் என்று சொன்ன தமிழன் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் அளவுக்கு ஒரு மூங்கில் கூடையை வாங்கி, கூரைக் கொக்கியில் கட்டி இரண்டு நாள் தொங்க விடுங்கள். பேரனைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற தாத்தாவுக்கும், வேட்டியை உதறிக் கட்டுகிற சித்தப்பாவுக்கும் ஏழடி போதுமா என்பது முதல் நாளே தெரிந்துவிடும். கூடை எதற்கு என்று பக்கத்து வீட்டார் கேட்டால் வாஸ்து என்று சொல்லுங்கள். மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

கூடையைக் கட்டக் கொக்கியைத் தேடும்போதுதான் அசல் சிக்கல் கண்ணில் படும். நட்டநடுவில் கொக்கி இருக்கிறது. அதில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. குளிர்தேசத்துக் கணக்கில் ஃபேனுக்கு இடமே இல்லை. ஹாலில் இரண்டு கொக்கி இருந்தால் ஒன்று ஃபேனுக்கு, ஒன்று விளக்குக்கு என்று எலெக்ட்ரீஷியன் பஞ்சாயத்துப் பேசுவார். ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பல்புகள் ஃபேன் இறக்கையைவிட மேலே போய்விட்டால் சுவரெல்லாம் நிழல் வெட்டி வெட்டி ஓடும். பேப்பர் படிக்கிறவருக்குத் தலைவலிதான். காற்றில் கண்ணாடிச் சரங்கள் ராத்திரி முழுக்கக் கிணுகிணுக்கும். முதல் வாரம் அது சங்கீதம்.

விளக்குக்கு நேர் கீழே இருக்கிற சோபாவுக்குக் காற்று வராது. இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். கைமாற்று கேட்டு வருகிறவர், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், ஜாதகம் பொருந்தியும் ஆறு மாதமாகப் பதில் சொல்லாத மாப்பிள்ளை வீட்டார், இவர்களையெல்லாம் அங்கேதான் உட்கார வைக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் காபி வருமுன்னே எழுந்துவிடுவார்கள். போகும்போது விளக்கு பிரமாதம் என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எடை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஃபேன் நாலைந்து கிலோதான். கண்ணாடிச் சரம் வைத்த பெரிய விளக்கு அதைப்போலச் சில மடங்கு வரும். ஃபால்ஸ் சீலிங்கிலேயே ஸ்க்ரூ போட்டு மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், அவருக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். ஜிப்சம் பலகையின் கனம் பெரும்பாலும் பன்னிரண்டரை மில்லிமீட்டர்தான். பாரம் முழுக்க மேலே உள்ள கான்கிரீட்டில்தான் நிற்க வேண்டும். குவாலியரின் ஜெய் விலாஸ் அரண்மனை தர்பார் ஹாலில் இரண்டு சரவிளக்குகள் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் மூன்றரை டன். மாட்டுவதற்கு முன்னால் கூரை தாங்குமா என்று பார்க்க யானைகளை மேலே ஏற்றி நிறுத்தினார்கள் என்று கதை சொல்வார்கள். உங்கள் அசோசியேஷன் யானைக்கு லிஃப்ட் தராது. பாரிஸ் ஆபரா அரங்கின் விளக்கு ஏழு டன். 1896-இல் அதைத் தாங்கிய எதிர்எடைகளில் ஒன்று அறுந்து விழுந்து ஒரு பெண் இறந்துபோனார். விழுந்தது எதிர்எடைதான், கஸ்தோன் லெரூ பின்னால் எழுதிய நாவலில்தான் விளக்கே விழுகிறது.

கானாடுகாத்தானில் பார்த்தோமே, எவ்வளவு பெரிசு என்று வீட்டில் பேச்சு வரும். வரட்டும். அந்தச் செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் உங்கள் ஃபிளாட்டையே, பால்கனியோடு, இறக்கி வைக்கலாம்.

பல்பு விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம்தான் கண்ணாடிக்கு அழகு என்று கடையில் சொல்வார்கள், உண்மைதான். முதல் நாள் சாயங்காலமே அம்மா, “என்னடா, லைட்டு அழுது வடியுது” என்று சொல்லிவிட்டுச் சுவரில் இருக்கிற டியூப்லைட்டைப் போடுவார். அன்றிலிருந்து டியூப்லைட் வெளிச்சத்தில் சரவிளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பராமரிப்பைப் பற்றி எந்தக் கடையிலும் பேச மாட்டார்கள். ஐப்பசி மழை விட்ட சாயங்காலம் ஈசல் வரும். மேல்நோக்கிய கண்ணாடிக் கிண்ணங்கள் அதற்கென்றே செய்தவை போலிருக்கும். காலையில் ஒவ்வொன்றிலும் இறக்கை தனியாக, பூச்சி தனியாகக் கிடக்கும், அதைத் தின்ன வந்த பல்லி சங்கிலியில் காவல் இருக்கும். ஒட்டடைக்குச்சியை விட்டால் அதன் நாரில் சரத்தின் கம்பிக் கொக்கி மாட்டிக்கொள்ளும். இழுத்தால் நாலு மணி உதிரும். ஆகவே ஏணி போட்டு, மெயினை அணைத்து, ஒவ்வொரு மணியாகக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்ட வேண்டும். கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எது எங்கே இருந்தது என்று தெரியாமல் கையில் இரண்டு மணி மிஞ்சும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கவும் அதே ஏணிதான். எட்டு கை விளக்கு என்றால் எட்டு கைக்கும் வைக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் மாமியார் கேட்பார்.

இத்தனைக்கும் பிறகு வாங்கியே தீருவது என்றால் என் தீர்ப்பு இது: கணக்கு 30 சொன்னாலும் 24 அங்குலத்தில் வாங்குங்கள், உயரம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், கிண்ணங்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். கழற்றிய ஃபேனை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். சித்திரையில் தேவைப்படும்.