கல்லூரிக் கலைக்கூடத்தை மாணவரிடமிருந்து காப்பாற்றுவது எப்படி?

அமெரிக்காவில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு நீங்கள் தலைவர். வளாகத்தில் ஒரு கலைக்கூடம். கற்பிப்பதற்காகவே என்று வாசலில் பலகை வேறு. பதறாதீர்கள். சொல்கிறபடி செய்யுங்கள்.

1. வகுப்புகள் நடக்கும் நேரத்தில் மட்டும் திறந்து வையுங்கள். வகுப்பு விட்டதும் பூட்டிவிடுங்கள்.

2. பேனாவுக்குத் தடை போடுங்கள். இது நியாயம்தான், மை தெறிக்கும். அதே சாக்கில் பென்சிலையும் சேர்த்துவிடுங்கள்.

3. செப்புத்தகட்டு அச்சோவியங்களைப் பெட்டியிலிருந்து எடுக்கவே விடாதீர்கள். மேஜையில் வைத்து வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால், தகடு தாளை அழுத்திய விளிம்பு தெரியும். ஒரு மாணவி அதைக் கண்டுவிட்டால் தொலைந்தது. எத்தனை பிரதி எடுத்தார்கள், பிந்திய பிரதியில் கோடு ஏன் மங்கியிருக்கிறது என்று துளைப்பாள். மறுநாள் நிறமிகளைப் பார்க்க வேதியியல் வகுப்பும் கிளம்பி வரும். ஸ்லைடு போதும். திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு, எவ்வளவு வசதி!

4. ஒஹையோவின் ஓபர்லின் கல்லூரிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அங்கே பணியாற்றிய எலன் ஜான்சன் 1940இல் மாணவர்களுக்குப் படங்களை வாடகைக்கு விடத் தொடங்கினார். ஒரு பருவத்துக்கு 5 டாலர் என்று வெகுகாலம் ஓடியது. அச்சடித்த சுவரொட்டி அல்ல, பிக்காசோவின் அசல் விடுதிக் கட்டிலுக்கு மேலே தொங்கும்! இதற்காகப் பிள்ளைகள் முந்தின இரவே வாசலில் வந்து படுத்துக் கிடக்கிறார்கள்.

5. நிதி இடித்தால் சுவரைப் பாருங்கள். வர்ஜீனியாவின் ராண்டால்ஃப் கல்லூரிதான் உங்களுக்கு வழிகாட்டி. ஜார்ஜ் பெல்லோஸ் வரைந்த 'மென் ஆஃப் த டாக்ஸ்' ஓவியத்தை 1920இல் மாணவிகளும் ஊர்க்காரர்களும் 2,500 டாலர் திரட்டி அங்கே வாங்கி வைத்தார்கள். நிர்வாகம் 2007இல் அதைக் கழற்றியது. 2014இல் லண்டன் நேஷனல் கேலரிக்கு 2.55 கோடி டாலருக்கு விற்றது. அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் கொதித்தது, அந்தக் கல்லூரிக்கு யாரும் படம் இரவல் தரக்கூடாது என்றது. நல்லதுதானே, ஆணி மிச்சம்.

6. எதை விற்றாலும் மாணவர் நலன் என்று சொல்லுங்கள். இந்தியானாவின் வால்பரைசோ பல்கலைக்கழகம் முதலாண்டு விடுதியைப் புதுப்பிக்க ஜார்ஜியா ஓ'கீஃபின் ஓவியத்தை விற்கக் கிளம்பியது. வழக்கு வந்தது. வரட்டும், உங்களிடம் வக்கீல் இல்லையா?

7. சேர்க்கைக் கையேட்டின் அட்டையிலிருந்து மட்டும் கலைக்கூடத்தின் புகைப்படத்தை எடுத்துவிடாதீர்கள். பெற்றோர் அதைப் பார்த்துத்தான் கட்டணம் கட்டுகிறார்கள்.