“உங்களுக்கு அது எப்படி இருந்தது?”

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மாதப் பராமரிப்புத் தொகையை மூவாயிரத்திலிருந்து நாலாயிரமாக ஏற்றிவிட்டார்கள். பொங்கலிலிருந்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் தவம் இருக்கிறது. அதற்கு ஒரு வழி சொல்லாமல், வாசலில் நீரூற்று வைக்கப்போகிறார்களாம். தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடக்கும் மடிப்பாக்கத்து அடுக்ககத்தில் நீரூற்று! இந்தப் பத்தியை எழுதுபவர் அந்தக் கொதிப்போடு நாலு மாடி ஏறி வந்து, செக்ரெட்டரியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டி முடித்து, மனைவியின் முகத்தைப் பார்த்தார். “அந்த ஆளு எப்பவுமே அப்படித்தாங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதர் அடங்கிவிடுவார்.

“கூட்டத்துல நீங்க பேசினதை யாரும் காதுல வாங்கலைன்னு உங்களுக்கு ரொம்ப வருத்தமா இருந்த மாதிரி தெரியுது” என்றார் மனைவி.

அம்மணி எம்.எஸ்ஸி. கவுன்சலிங் சைக்காலஜி முதலாண்டு படிக்கிறார்.

பத்திக்காரர் எழுத உட்கார்ந்தது இந்த வீட்டுக் கதையை அல்ல. உளவியல் படிப்பு பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் போட்ட உத்தரவு, அதன் சாதக பாதகங்கள் ஆகியவற்றைத்தான் எழுதுவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தார். அதற்கு வருவோம். முதலில் இதைச் சொல்லித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் மூலகாரணர் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கர். வந்தவரிடம் அறிவுரை சொல்லாதே, தீர்ப்பு சொல்லாதே, அவர் சொன்னதில் இருக்கும் உணர்ச்சியைப் புரிந்துகொண்டு அவரிடமே திருப்பிக் கொடு என்றவர். அமெரிக்காவில் அது எடுபட்டிருக்கலாம். ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவரின் முட்டிவலிக்கு விழுப்புரம் தாண்டுவதற்குள் மூன்று வைத்தியமும் ஒரு பரிகாரக் கோயிலும் சொல்லிவிடுகிற ஊரில், அறிவுரையை விட்டால் நாம் பேச என்ன இருக்கிறது?

ஆனால் படிப்பு படிப்புதான். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது என்று பத்திக்காரர் கத்தினால், “திடீர்னு பதறிட்டீங்க” என்று பதில் வருகிறது. அடுப்பைத் துடைக்க யாரும் வருவதில்லை. பெங்களூரிலிருந்து பையன் போனில் மேனேஜரைப் பற்றிப் புலம்பினால், “உன் உழைப்பை அவர் கண்டுக்கவே இல்லைன்னு தோணுது, இல்ல?” வேலையை விடலாமா கூடாதா என்று அவன் கேட்டால், “நீ என்ன நினைக்கிறே?” பையன் இப்போதெல்லாம் அப்பாவைக் கூப்பிடுகிறான். பத்திக்காரர் உடனே, “விடாதேடா, ஹோம் லோன் இருக்கு” என்று சொல்லிவிடுவதால், இருவருக்கும் மனசு நிறைகிறது.

கீரைக்காரம்மாவிடமும் இதேதான். மழையில் பாத்தி எல்லாம் அழுகிப்போச்சு என்று அந்த அம்மா ஆரம்பித்தார். வழக்கமாக அந்த இடத்தில் பேரம்தான் தொடங்கும். அம்மணியோ, “இவ்வளவு கஷ்டப்பட்டு வெச்சது கண் முன்னாலேயே போனா மனசு ஆறாது” என்றார். கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைத்து, மகன் குடிப்பதில் தொடங்கி மருமகள் பேசாததுவரை சொல்லிவிட்டு, ஒரு கட்டு கொத்தமல்லியைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். பத்திக்காரர் எத்தனையோ வருஷமாகக் கெஞ்சியும் கிடைக்காத கொத்தமல்லி அது.

இதைவிடக் கொடுமை பத்திக்காரரின் தாயார். கல்யாணமான நாள் முதல் மருமகளோடு முறைத்துக்கொண்டிருந்தவர், இப்போது மத்தியானம் சாப்பிட்டவுடன் மருமகளின் அறைக்குப் போய்விடுகிறார். எதிரே நேராக உட்காருவது, கையைக் கட்டாமல் இருப்பது, லேசாக முன்னால் சாய்வது, கண்ணைப் பார்ப்பது, தளர்வாக இருப்பது என்று ஜெரார்டு ஈகன் எழுதி 1975இல் முதலில் வெளிவந்த பாடப்புத்தகத்தின் வழியே பரவிய ஐந்து விதிகளின்படி மருமகள் உட்காருகிறார். 1962இல் மாமியாருக்கு எடுத்துத்தராத ஒரு பட்டுப்புடவையைப் பற்றி அந்த அறையில் பல வாரமாகப் பேச்சு நடக்கிறது. “அவ இப்பத்தான்டா மனுஷியாட்டம் பேசறா” என்கிறார் தாயார். மருமகள் பேசுவதே இல்லை என்பதை அவரிடம் யார் சொல்வது?

பேசியதோடு விடுவதில்லை. எல்லாம் ஒலிப்பதிவாகி, வார்த்தைக்கு வார்த்தை எழுதப்பட்டு, ரெக்கார்டு நோட்டில் ஏற வேண்டும். ‘ம்ம்’ கூட விடக்கூடாது. “மௌனம், ஆறு நொடி” என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இதற்கும் வழிகாட்டி ரோஜர்ஸ்தான். 1942இல் வந்த தன் புத்தகத்தில், ஹெர்பர்ட் பிரயன் என்று பெயரிட்ட ஒருவரோடு நடந்த எட்டு அமர்வுகளையும் ஒலித்தட்டில் பதிவுசெய்து முழுமையாக அச்சிட்டார். சங்கக் கூட்ட விவகாரமும் அப்படியே நோட்டில் ஏறியிருக்கிறது. “கிளையன்ட்: ஆண், ஐம்பதுகளில். பெயர் மாற்றப்பட்டுள்ளது.” வகுப்பில் வாசித்துக் காட்டியபோது, இந்தக் கிளையன்ட் எதையும் ஏற்கமாட்டார் போலிருக்கிறதே என்று ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண் சொன்னதாம்.

பத்திக்காரர் சும்மா இருப்பாரா? நடுநிலையாக இருக்க முடியாத உறவினருக்கு ஆலோசனை வழங்கக்கூடாது என்று அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் நெறிமுறையிலேயே இருக்கிறது என்று தேடி எடுத்துக் காட்டினார். “இது கவுன்சலிங் இல்லைங்க, ஸ்கில் பிராக்டிஸ்” என்று பதில் வந்தது. அடுத்து எலிசாவை எடுத்தார். எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எழுதி 1966இல் அறிவித்த கணினி நிரல் அது. ரோஜர்ஸ் பாணி ஆலோசகரைப்போல, சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கொடுக்கும். அதற்கு ஒன்றும் புரியாது என்று தெரிந்திருந்தும், அதனோடு பேசத் தொடங்கிய வைசன்பாமின் செயலாளர், கொஞ்ச நேரத்தில் அவரையே அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். “ஒரு மெஷின் அறுபது வருஷம் முன்னாடி, ஃபீஸ் கட்டாமப் பண்ணின வேலை!” என்றார் பத்திக்காரர்.

“மெஷின்கூட அந்தம்மா பேச்சைக் கேட்டுது. நம்ம பேச்சைக் கேக்க ஆளில்லைன்னு உங்களுக்குத் தோணுதோ?”

ரோஜர்ஸுக்கே இந்தக் கிளிப்பிள்ளை வேலை பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. தான் செய்ததற்கு ‘உணர்ச்சியைப் பிரதிபலித்தல்’ என்று பெயர் வைத்ததைக் கேட்டாலே கூசுகிறது என்ற பொருளில் 1986இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு எழுதினார். எதிரில் இருப்பவரைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று சோதித்துப் பார்ப்பதுதான் தன் நோக்கம் என்றார். இது மதிப்பெண்ணுக்கு வராது போலிருக்கிறது.

கடைசியில் பத்திக்காரருக்கு ஒரு ரட்சகர் கிடைத்தார். குளோரியா என்ற ஒரே பெண்ணிடம் ரோஜர்ஸ், பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் என்ற மூன்று மனநலச் சிகிச்சையாளர்களும் தனித்தனியே பேசும் 1965ஆம் ஆண்டுப் படத்தை வகுப்பில் இன்றும் போடுகிறார்கள். வீட்டிலும் ஓடியது. ரோஜர்ஸ் கனிந்து கேட்கிறார். பெர்ல்ஸ் அந்தப் பெண்ணைப் போலி என்கிறார். எல்லிஸோ வந்தவரைப் பேசவிடாமல் தானே பேசித் தள்ளுகிறார். நம்ம ஊர் பெரியப்பா! பத்தொன்பது வயதில், பெண்களிடம் பேசும் கூச்சம் போவதற்காக நியூயார்க்கின் பிராங்ஸ் தாவரவியல் பூங்காவில் ஒரே மாதத்தில் நூறு பெண்களிடம் வலியப்போய்ப் பேச்சுக் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சந்திக்க ஒருத்தி சம்மதித்தாள்; அவளும் வரவில்லை. இப்படிப்பட்ட மனிதரின் பாடம் எப்போது வரும் என்று பத்திக்காரர் ஆவலோடு காத்திருந்தார்.

வியாழக்கிழமை எல்லிஸ் பாடம் வந்துவிட்டது. அன்று இரவு நீரூற்றுப் பேச்சை எடுத்தவுடன் அம்மணி நிமிர்ந்து உட்கார்ந்தார். “மெயின்டனன்ஸ் ஏறவே கூடாதுன்னு எங்கே எழுதியிருக்கு? செக்ரெட்டரி உங்களைக் கேட்டுத்தான் செய்யணும்னு என்ன சட்டம்? ஏறினது உங்களைக் கஷ்டப்படுத்தலை. ஏறவே கூடாதுங்கிற உங்க பிடிவாதம்தான் கஷ்டப்படுத்துது.”

ரோஜர்ஸே தேவலை.

மானியக் குழு விஷயம் விட்டுப்போயிற்று. 2021ஆம் ஆண்டு இணைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உளவியலையும் சேர்த்து, தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக்கூடாது என்பது உத்தரவு. 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து அது நடப்புக்கு வந்தது. நேரில் பழகாமல் இந்தத் தொழில் வராது என்கிறார்கள், வராதுதான். ஆனால் அஞ்சல்வழி என்றால் புத்தகம் தபாலில் வரும், அசைன்மென்ட் தபாலில் போகும், வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை. இந்தக் கோணத்தை யாரும் பரிசீலித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த செமஸ்டரில் குழு ஆலோசனை வருகிறது. ஆறிலிருந்து எட்டுப் பேர் வேண்டும். தாயார் பெயர் கொடுத்துவிட்டார், கீரைக்காரம்மாவும் வருகிறாராம். செக்ரெட்டரியைக் கூப்பிடும் யோசனை இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து பத்திக்காரருக்குத் தூக்கமில்லை. மடிப்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் யாராவது அதற்குள் பெயர் கொடுத்து அந்த இடத்தை நிரப்பினால் புண்ணியமாகப் போகும். ஞாயிறு காலை, நாலாவது மாடி. காபி உண்டு, லிஃப்ட் கிடையாது.